சாயம் போக வேண்டிக்கொண்ட மாஸ்டர்

கல்யாண மேடையில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஈர வெள்ளைத் துணியால் அவருடைய பட்டுச் சட்டையைத் தேய்க்கிறார் கன்னையன் மாஸ்டர். துணியில் பச்சை ஒட்டுகிறது. "பாத்தீங்களா, சாயம் உடுதுங்க! எந்தப் பட்டறைங்க இது?" மாப்பிள்ளை நெளிகிறார். மாஸ்டரின் மனைவி அனுசுயா கீழே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிறாள்.

முதலிபாளையத்துச் சாயப்பட்டறையில் மாஸ்டர். எனக்குப் பக்கத்து வீடு. சட்டைப் பையில் பேனா இருக்காது, அந்த வெள்ளைத் துணி இருக்கும். என் வீட்டு ஜன்னல் திரை, பஸ் சீட்டு, குருக்களின் சால்வை, எதையும் விட்டதில்லை. "சாயம் போற துணியும் பொய் சொல்ற வாயும் ஒண்ணுங்க" என்பார். தான் உடுத்துவது மட்டும் வெள்ளை. மற்றவர் போட்ட சாயத்தை நம்புகிற ஆள் இல்லை.

இவரைப் போய் விதி நன்றாக மாட்டிவிட்டது. நாற்பது தாண்டிப் பிறந்த மகள் யாழினி. கர்ப்பத்தில் அனுசுயாவுக்குப் பூனை வழியாகப் பரவும் கிருமி ஒன்று தொற்றியிருந்தது. பிள்ளைக்கும் போயிருந்தால் பின்னால் கண்பார்வையே கெடலாம். பிறந்ததும் பார்த்தால், குழந்தையின் ரத்தத்தில் அந்தக் கிருமிக்கான எதிர்ப்புப்பொருள் ஏராளம். மாஸ்டர் இடிந்துபோனார்.

"அம்மா கொடுத்தனுப்பினதாவும் இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "அப்படின்னா கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு, ஒரு வயசுக்குள்ள போயிடும். போகலைன்னா குழந்தைக்கே தொற்றுன்னு அர்த்தம்."

"ஏனுங்க, சாயம் போனா நல்லதுங்கறீங்களா?"

"ஆமா. சுத்தமாப் போகணும்."

அன்றிலிருந்து மனுஷன் முருகனிடம் கேட்டதெல்லாம் "சாயம் போகோணும் சாமி" என்பதுதான்! பட்டறை ஆட்கள் காதில் விழுந்தால் மானம் போய்விடும் என்று வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார். குழந்தையின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் ஒவ்வொன்றும் வந்ததும் என் கதவைத் தட்டி, "வெளுத்துட்டே வருதுங்க!" என்று கிசுகிசுப்பார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வரும்.

முதல் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் கடைசி ரிசல்ட் வந்தது. துளிகூட இல்லை. "சுத்தமாப் போயிருச்சுங்க!" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மாஸ்டர் குதித்த குதியில், ஊசிக்கு அழுதுகொண்டிருந்த பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டன.

வரும் வழியில் ரோட்டோரத்தில் சிவப்புக் கவுன் ஒன்று வாங்கி மகளுக்குப் போட்டார். தேய்த்துப் பார்க்க மறந்தே போனார். யாழினி அப்பா தோளில் ஏறினாள், வழக்கம்போல நனைத்தாள். வெள்ளைச் சட்டை ரோஸ் ஆகிவிட்டது.

"கழட்டுங்க, அலசிப் போடறேன்" என்று அனுசுயா கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை. அதே சட்டையோடு பட்டறைக்குப் போய், ஆள் ஆளாக நிறுத்தி, தோளைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.