சும்மா படுத்தபோது இரங்கிய முருகன்

அன்பான அடியார்களே, முருகன் எனக்குச் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நானே எத்தனையோ தடவை சிரித்தாயிற்று.

1998ஆம் ஆண்டு. இலங்கை மலையகத்தில், ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், எனக்கு வேலை. கொழுந்து மூட்டை தூக்கித் தூக்கி அடிவயிற்றில் குடல் இறங்கிவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்தார்கள். போய்ப் படுத்தால் பிரஷர் நூற்று எழுபது. மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறையும் அதே கதை. குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் வெட்கமில்லாமல் அழுதேன். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயதுதான்.

நான் இருபது வருஷம் காவடி எடுத்தவன். உடம்பை வருத்தினால்தான் சாமி இரங்கும் என்று எங்கள் தோட்டத்தில் எல்லோரும் நம்புவோம். காவடி தூக்க வழியில்லாததால் வேறு நேர்த்திக்கடன் வைத்தேன். இளவயதில் பழகிய சிரசாசனம் கைவசம் இருந்தது. பிரஷர் இறங்கும்வரை தினமும் முருகன் படத்துக்கு முன்னால் தலைகீழாக நின்று நூற்றெட்டுத் தடவை அவன் பெயரைச் சொல்வது என்று முடிவுசெய்தேன். அப்படி நின்றால் இறங்கிய குடலும் உள்ளே போய்விடும். முருகன் வழி காட்டிவிட்டான் என்று பூரித்துப்போனேன். முகம் சிவந்து, இதயம் காதுக்குள் அடிக்கும். அதையும் பக்தி என்றே எண்ணினேன்.

மூன்றாம் தடவை ஒப்பரேஷனுக்குக் கொடுத்த திகதிக்கு ஒரு மாதம் இருக்கையில் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மாத்திரை எடுக்கப் போனேன். அங்கிருந்த டொக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் கோயிலுக்கும் வருகிறவர். பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. அப்படி என்னதான் செய்கிறீர் என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பிரஷர் உள்ள ஆக்கள் தலைகீழா நிக்கக் கூடாது. நீர் முருகனோட மல்லுக்கட்டுறீர். ஒருக்கா சும்மா படுத்துப் பாரும்."

மல்லாந்து படுத்து, கைகால்களைத் தளர்த்தி, மூச்சை மெல்ல விடச் சொன்னார். சவாசனம் என்றார். கால் மணித்தியாலம் கழித்து அளந்தார். நூற்று எழுபத்தைந்து நூற்று ஐம்பத்தைந்தாகியிருந்தது. நாடித்துடிப்பும் தணிந்திருந்தது. மாத்திரையை விடாமல், இதையும் தினமும் இரண்டு நேரம் செய்யச் சொன்னார்.

அன்று மாலை வீட்டில் படுத்துக் கிடந்தேன். கொழுந்தெடுத்துவிட்டு வந்த மனைவி செல்லம்மா, வாசலிலேயே கூடையைப் போட்டுவிட்டு நின்றாள். என் தலைமாட்டில் சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"உசுரோட இருக்கிற மனுசன் இப்படிக் கட்டையாப் படுக்கலாமாங்க? எந்திரிங்க மொதல்ல."

விஷயத்தைச் சொன்னேன். முதலில் விளக்கைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே "முருகா, முருகா" என்று மெதுவாகச் சொன்னாள். என் மூச்சு அவள் குரலோடு சேர்ந்து போகத் தொடங்கியது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக முருகனிடம் பேரம் பேசாமல் கிடந்தேன். கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அந்த நிம்மதியை நான் எந்தக் காவடியிலும் கண்டதில்லை.

மூன்றாம் முறை பதுளையில் அளந்த நர்ஸ், நூற்று முப்பத்தெட்டு என்றார். நம்ப முடியாமல் இன்னொரு தடவை அளக்கச் சொன்னது நான்தான். அடுத்த நாள் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அடுத்த திருவிழாவில் நான் காவடி எடுக்கவில்லை. கோயில் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தேன். இளந்தாரிப் பையன்கள், சவத்துக்கு மாலை கொண்டுவரட்டுமா என்று கேட்டார்கள். எட்டு வருஷம் ஓடிவிட்டது. அவர்களின் தகப்பன்மார் நாலைந்து பேர் இப்போது எனக்குப் பக்கத்தில் படுக்கிறார்கள்.

பிரஷரோடும் பயத்தோடும் இருக்கிறவர்களே, மருந்தையும் விடாதீர்கள், முருகனையும் விடாதீர்கள். உங்கள் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு அவன் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா கிடந்து பாருங்கள். அவன் இரங்குவான், எனக்குச் சந்தேகமே இல்லை. எந்திரிங்க என்று அன்று அதட்டிய செல்லம்மாதான், இன்று மாலையானால் பாயைத் தட்டிப் போட்டுவிட்டு, "நேரமாச்சுங்க, படுங்க" என்கிறாள்.