வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அவரைப் பூட்டுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். தாழ்ப்பாள் மாட்டி முடித்ததும் அறைக்குள் போய் நின்று, கதவைச் சாத்தச் சொல்லி, தானே திறந்து பார்ப்பது அவர் வழக்கம். "விருந்துக்குப் போன வீட்டுலயும் கதவை ஆட்டிப் பாத்துட்டுதான் மனுசன் கை கழுவுவாரு" என்று மனைவி கேலி செய்வாள்.

ஒரு மாடி வீட்டில், சமையலறைக்குப் பின்னால் இருந்த சிறிய அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போடச் சொன்னார்கள். சாமான் அறை என்று நினைத்து மாட்டினார். வழக்கப்படி உள்ளே போய் நின்றபோதுதான் தலையணையும் ஆணியில் தொங்கிய பெண் உடைகளும் கண்ணில் பட்டன. ஜன்னலில் பலகை அடித்திருந்தது. கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியே இல்லை.

"இங்க யாரோ படுக்கிறாங்க போலயே, மேடம்?"

"வேலைக்காரி. வெளிநாட்டுலேர்ந்து வந்தவ, ஊர் புதுசு, எங்கயாவது போய்த் தொலைஞ்சுடக் கூடாதே. எல்லாம் அவ நல்லதுக்குத்தான்."

தொலைபேசி அடிக்க, வீட்டுக்காரம்மாள் முன்னறைக்குப் போனார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண் திரும்பாமலே கேட்டாள்: "அண்ணே, இன்னைக்கு என்ன கிழமை?"

சொன்னார். பிறகு நீளத் திருகாணிகளைக் கழற்றிவிட்டுக் குட்டையானவற்றை மாட்டினார். "தோளால ஒரு இடி இடிச்சா பேந்துடும்மா" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். ஒரு காரியம் செய்துவிட்ட திருப்தி அவருக்கு.

சில நாள் கழித்து அந்தத் தெரு வழியே போனார். மாடியில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"இது ஆள் கடத்தல்ங்க. எங்க ஆஸ்பத்திரிச் சுவத்துல உதவி நம்பரோட நோட்டீஸ் ஒட்டியிருக்கு."

"போடி இவளே! வேன்ல தூக்கிப் போட்டா கொண்டாந்தாங்க? டிக்கெட் எடுத்து வேலைக்கு வந்த பொண்ணு."

"திருகாணியைத் தவிர வேறென்ன தெரியும் உங்களுக்கு? கேட்டுத்தான் பாருங்களேன்."

அவர் கூப்பிட்ட உதவி எண்ணில் பேசியவள் நிதானமாகச் சொன்னாள். "விருப்பப்பட்டு வந்திருந்தாலும் கடத்தலா இருக்கலாம், ஐயா. பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்களா, மிரட்டி வேலை வாங்குறாங்களா, பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு, வெளிய போக விடுறாங்களா, இதெல்லாம் பாக்கணும்."

குட்டைத் திருகாணியைப் பற்றிப் பெருமையாகவே சொன்னார்.

"நல்ல மனசுலதான் செஞ்சிருக்கீங்க. அது அந்த வீட்டுக்காரங்க கண்ணுல பட்டா அடி யாருக்கு விழும்?"

"நான் போய் மாத்திட்டு வந்துடட்டுமா?"

"வேணாம். அந்தப் பக்கமே போகாதீங்க. பாத்ததை மட்டும் சொல்லுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

மேலும் தெரிந்துகொள்ள வேண்டுமானால் தொழிலாளர் அலுவலகத்தில் இலவசக் கையேடு கிடைக்கும் என்றாள். மறுநாளே வாங்கி வந்து, வேலைக்கு நடுவே எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்தத் தெருவைத் தவிர்க்க ஊரைச் சுற்றிக்கொண்டு போனார். திருகாணி விழுந்திருக்குமோ என்ற நினைப்பு மட்டும் விடவில்லை.

அதிகாரிகள் போய் அவளை மீட்டார்கள். பாஸ்போர்ட் அந்த அம்மாளின் அலமாரியில் இருந்தது. பிறகு பெண்கள் காப்பகத்தில் பூட்டு வேலைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். ஓர் அறையில் அவள் இருந்தாள்.

"நீங்க சொன்ன அன்னைக்கே தள்ளிப் பாத்தேண்ணே. ஆடுச்சு. வெளிய வந்து எங்க போறது? கையில ஒரு காகிதம் கிடையாது. ஆடுறது தெரிஞ்சா கொன்னுடுவாங்களேன்னு, தினம் கட்டைவிரலால அழுத்தி அழுத்தி வச்சேன். பாத்திரத்தோட அதுவும் ஒரு வேலையாப் போச்சு."

அவள் அறைக் கதவின் உள்பக்கம் தாழ்ப்பாளை நீளத் திருகாணி போட்டு மாட்டினார். சரிபார்க்க வழக்கம்போல உள்ளே காலெடுத்து வைத்தார்.

"நீங்க வெளிய நில்லுங்கண்ணே" என்றாள்.

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. வெகுநேரம் அவள் திறக்கவில்லை. தட்டாமல், பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.