கள்ளிக்குப் பக்கத்தில் ஒரு ஆர்க்கிட்

காலையில் மாடி ஏறினேன். என் ஆர்க்கிட் பூத்துவிட்டது!

ஒன்றல்ல, மூன்று பூ! (இன்னும் நாலு மொட்டு இருக்கிறது.)

இந்த வயதில்தான் எழுதக் கற்றேன். ஒரு வரிக்கு ஒரு டீ ஆகிறது. பொறுத்துப் படியுங்கள்.

எங்கள் வீடு புதுப்பட்டினத்தில், கடலுக்குப் பக்கம். என் மனைவி கஸ்தூரி மாடியில் மீன் பெட்டிகளில் கள்ளிச் செடிகள் வளர்க்கிறாள். பழைய தெர்மாகோல் பெட்டிகள்தான். இலையே தண்ணீர்ப் பை மாதிரி இருக்கும் சக்குலண்ட் செடிகளும் உண்டு. அங்கேதான் என் ஆர்க்கிட்டைக் கொண்டுபோனேன்.

ஆர்க்கிட் வேருக்கு ஈரம் வேண்டும். கள்ளி ஈரத்தில் அழுகும். இரண்டும் ஒரே மாடியில் சரிப்படாது என்று எல்லோரும் சொன்னார்கள்.

படகு ஓட்டியவன் நான்; காற்றை நம்பினேன்!

ஆர்க்கிட்டை வலைத்துண்டில் கட்டி, நிழலான இடத்தில் தொங்கவிட்டேன். கடல் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். சொட்டுகிற தண்ணீர் மேற்கே போய் விழும். அதனால் கள்ளிப் பெட்டிகள் கிழக்குப் பக்கம். கணக்கு சரிதானே?

இரண்டு கள்ளி அழுகிவிட்டன. தொட்டால் கனிந்த பழம் மாதிரி விரல் உள்ளே போனது.

கஸ்தூரி இடுப்பில் கை வைத்தாள்.

"யோவ், நீ எப்ப தண்ணி ஊத்துற?"

"காலைல."

"காலைல கரையிலேருந்து கடலுக்குக் கரக்காத்து அடிக்குமே! எல்லாம் என் கள்ளி மேலதான் வந்து வுழும். அந்தக் காத்துலதான கடலுக்குப் போன? படகு ஓட்டுனியா, படகுல தூங்குனியா?"

வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். (நின்றால் இன்னும் கேட்டிருப்பாள்.)

"இன்னொரு கள்ளி அழுவட்டும், ஒன் பூச்செடிய படாளத்துல கீற என் தங்கச்சி வூட்டுக்கு அனுப்பிடுவேன்."

அப்போது ஆர்க்கிட்டில் மொட்டு வந்திருந்தது. பஸ்ஸில் ஏற்றினால் எல்லாம் உதிர்ந்துவிடும்!

அன்றே கயிறும் கப்பியும் மாட்டினேன். காலையில் கயிற்றை விட்டால் செடி கீழே வாளித் தண்ணீரில் இறங்கும். தண்ணீர் குடித்து வேர் பச்சையாக மாறியதும் வாளிக்கு மேலேயே தூக்கி நிறுத்துவேன். கடைசிச் சொட்டு விழும்வரை உட்கார்ந்திருப்பேன். அதன் பிறகுதான் மேலே ஏற்றம். ஒரு நாள்கூட அவசரப்படவில்லை.

இன்று பூத்தது!

"கஸ்தூரி, வந்து பாரு மே!"

வந்தாள். பூவைப் பார்க்கவில்லை. முதலில் ஒவ்வொரு கள்ளியின் அடியையும் அழுத்திப் பார்த்தாள். எல்லாம் கல் மாதிரி இருந்தன.

பிறகுதான் நிமிர்ந்தாள். "நல்லாத்தான் கீது" என்று போனை எடுத்தாள்.

"தள்ளு, போட்டோவுல ஒன் தல வருது."

தள்ளி நின்றேன். படம் குடும்ப குரூப்பில் போய்விட்டது. கீழே என்ன எழுதியிருக்கிறாள் என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"நான் வளத்த ஆர்க்கிட்."

அவள் நாத்தனார், மச்சினர் எல்லோரும் அவளைப் பாராட்டுகிறார்கள்! நானும் ஒரு கைத்தட்டல் போட்டேன். வேறு வழி?

உங்கள் வீட்டில் பூ பூத்தால் பெயர் யாருக்குப் போகிறது?