அண்ணை ‘மிஸ்யூ’ ஆன காலை

கனடாவில், பிரெஞ்சு பேசும் டோர்வலில், விமானப் பயணிகளுக்குச் சாப்பாடு தயாரிக்கும் ஒரு சமையல்கூடத்தில் நான் சலாது மேசையில் நின்ற காலம் அது. இரண்டாயிரமாம் ஆண்டு, ஒக்டோபர் மாதம். அப்போது சேர்பியாவில் ஒரு ஜனாதிபதி பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கதிரையை விடாமல் இருந்தார். எங்கள் மேசையில் ஒரு அண்ணை, ஏறக்குறைய அதே காலமாகச் சுப்பர்வைசராக இருந்தார். இருவரும் ஒரே காலையில் ஆட்டம் கண்டார்கள். அங்கே நடந்தது உலகத்துக்கே தெரியும். இங்கே நடந்ததை யாரும் எழுதமாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன்.

முதலில் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், எங்கள் கோயில் பங்கு ஆள். மேசையில் நின்ற தமிழர் அத்தனை பேரையும் அந்த வேலையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். அவருடைய ஆட்சியின் இரகசியமும் அதுதான். “நான் சேத்துவிட்ட ஆள்” என்று ஒரு தடவை சொன்னால் போதும், வாய் திறக்கப் போனவர்கள் மூடிக்கொள்வார்கள். அதற்குமேல் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். ஒருவரை அண்ணை என்று கூப்பிட்டபிறகு அவரோடு சண்டை பிடிக்க எங்களுக்கு வராது. முதலாளிக்கு எதிராகக் கொடி பிடிக்கலாம். அண்ணைக்கு எதிராக என்னத்தைப் பிடிப்பது?

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒரு தட்டுக்கு ஒரு ஒலிவ் என்றால் ஒன்றுதான். தவறிப்போய் இரண்டாவது விழுந்தால் அதைத் தன் விரலால் எடுத்து உயர்த்திப் பிடித்து, எல்லோரும் பார்க்கும்வரை காத்திருந்து, பிறகுதான் கிண்ணத்துக்குள் திரும்பப் போடுவார். சுத்தம் அவருக்கு உயிர். தொப்பியைத் தொட்டால் கை கழுவவேண்டும். மூக்கைத் தொட்டால் கழுவவேண்டும். மேசையைவிட்டு ஓரடி நகர்ந்தாலும் கழுவவேண்டும். எவ்வளவு நேரம் என்பதற்கும் அவரிடம் ஒரு அளவு இருந்தது. ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லி முடியும் வரை. பங்கில் செபமாலை முன்னின்று சொல்பவர் அவர்தானே. சைவக்காரர், ஹெய்ட்டிக்காரர் எல்லோருக்கும் அதே அளவுதான்.

என் பக்கத்தில் நின்று தக்காளி வெட்டியவள் சேர்பியாக்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், நல்ல உயரம், பெரிய கை. எங்கள் இருவருக்கும் பிரெஞ்சு ஒரே அளவுக்குத் தெரியாது, அதனால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். அவளும் புருஷனும் முந்தின வருடம் வந்தவர்கள். ஒரே மகள் பெல்கிரேட்டில், சித்தியோடு தங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். விசா எல்லாம் கிடைத்தும் வரமாட்டேன் என்றுவிட்டாளாம். எல்லோரும் கனடாவுக்குப் போய்விட்டால் அந்த ஆளை இறக்குவது யார் என்று தாயிடம் கேட்டாளாம். ஊர்வலம் என்றால் முன்வரிசையில் நிற்பவள் அவள். ஒரு தடவை பொலிஸ் அடித்துக் கை முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டே அடுத்த ஊர்வலத்துக்குப் போனவள். தாய் இதைப் பெருமையோடு தொடங்குவாள். முடிக்கும்போது தக்காளித் துண்டுகள் கோணலாக வெட்டுப்பட்டிருக்கும்.

அன்று வியாழக்கிழமை. தேர்தலில் தோற்றும் அந்த ஆள் இறங்கமாட்டேன் என்று நிற்பதாக அந்தக் கிழமை முழுவதும் செய்தி. எங்களுக்குச் செய்தி கொண்டுவந்தவர் சாப்பாட்டு வண்டிகளை விமானத்துக்கு ஏற்றிப்போகும் சாரதி. அவருடைய ட்றக்கில் ரேடியோ இருந்தது. ஹெய்ட்டிக்காரர். இளவயதில் தன் நாட்டில் இப்படியொரு சர்வாதிகாரி ஓடிப்போனதைக் கண்ணால் பார்த்தவர். அதனால் புரட்சிகள் விஷயத்தில் தன்னை ஒரு நிபுணர் என்றே எண்ணிக்கொண்டிருந்தார்.

காலையில் முதல் தடவை வந்து, ஏற்றும் கதவில் நின்றபடியே கத்தினார். நாடு முழுவதிலிருந்தும் சனம் தலைநகருக்குள் வருகிறதாம். பஸ், லொறி, உழவு இயந்திரம், ஒரு புல்டோசர் கூட.

“புல்டோசரா?” என்று நான் கேட்டேன்.

“புல்டோசர் வந்தால் முடிந்தது” என்றார் நிபுணர். “எங்களிடம் அது இருக்கவில்லை. இருந்திருந்தால் இன்னும் சுருக்காய் முடித்திருப்போம்.”

இரண்டாவது தடவை வந்தபோது கத்தவில்லை. பாராளுமன்றத்திலிருந்து புகை வருகிறது, கண்ணீர்ப்புகை அடிக்கிறார்கள், சனம் உள்ளே போய்விட்டது என்று மெல்லச் சொன்னார். சேர்பியாக்காரி கத்தியை வைத்துவிட்டாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள். மகளோடு கதைக்கவேண்டும் என்றாள்.

சாப்பாட்டு அறையில் இருந்த காசு டெலிபோன் பழுதாகிக் கிடந்தது. வேலை நேரத்தில் வெளியே போக விடமாட்டார்கள். மிச்சம் இருந்தது ஒன்றுதான். அண்ணையின் கண்ணாடி அறைக்குள், மேசையில், பூட்டுக்குள் இருந்த டெலிபோன். டெலிபோன் கார்ட் என் பையில் இருந்தது. தமிழனிடம் வேறு எது இல்லாவிட்டாலும் டெலிபோன் கார்ட் இருக்கும். கந்தோருக்கு ஒரு சதம் செலவில்லை. நான் அவளையும் கூட்டிக்கொண்டு அண்ணையிடம் போனேன்.

“அண்ணை, இவாவின்ர மகள் அந்தக் கூட்டத்துக்குள்ள நிக்கிறாள். ஒரு கோல் எடுக்கவேணுமாம்.”

“பேந்து பாப்பம்.”

“பிறேக்கிலயாவது?”

“பிறேக் இண்டைக்குப் பிந்தித்தான். பாரிஸ் பிளேன் முன்னுக்குப் போகுதாம், தட்டு முடிக்கவேணும். ஒராளுக்குத் திறந்துவிட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பியள்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “பிள்ளை, உன்னைச் சேத்துவிட்டது ஆர் எண்டு மறந்துபோடாத.”

எனக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது, காது சிவக்கும். அன்று இரண்டு காதும் எரிந்தன. திரும்பி வந்து மேசையில் நின்றேன். சேர்பியாக்காரி தக்காளியைப் பார்த்துக்கொண்டே நின்றாள், வெட்டவில்லை. எனக்கு அப்போது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. தலை கடித்தது, தொப்பியைத் தொட்டுவிட்டேன். அவ்வளவுதான். தொட்டால் கழுவவேண்டுமே என்று கை கழுவும் பேசினுக்குப் போனேன். தண்ணீரைத் திறந்து, சவர்க்காரம் போட்டு, ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னேன். முடிந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒக்டோபர் செபமாலை மாதம் அல்லவா? ஒரு செபமாலைக்கு ஐம்பத்துமூன்று மரியே.

இரண்டாவது மரியேயைத் தொடங்கினேன். மூன்றாவதையும்.

எனக்குப் பின்னால் ஒலிவ் போடுகிற மன்னார்க்காரி வந்து நின்றாள். அவளும் தொப்பியைத் தொட்டிருந்தாள். என் உதட்டைப் பார்த்தாள், கண்ணால் கேட்டாள், நான் தலையாட்டினேன். பக்கத்துப் பேசினில் அவள் தன் செபமாலையைத் தொடங்கினாள். பிறகு ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கோழி மேசைக்காரர்கள் மூக்கைத் தொட்டார்கள். சைவக்காரப் பெடியன் ஒருவன் இரண்டு கையாலும் தலையைப் பிசைந்துகொண்டு வந்து வரிசையில் நின்றான். மரியே தெரியாது, தேவாரம் சொல்லலாமோ என்று கேட்டான். சொல்லு, ஆறுதலாகச் சொல்லு என்றேன். பேசின் நான்குதான் இருந்தன. வரிசை குளிரறைக் கதவு வரைக்கும் நீண்டது.

அண்ணை கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தபோது மேசைகளில் ஒரு ஆள் இல்லை. ஒலிவ் இல்லாத தட்டுகள் வரிசையாகக் கிடந்தன.

“என்ன செய்யிறியள்?”

“கை கழுவுறம், அண்ணை.”

“எத்தினை மரியே சொல்லுறாய்?”

“செபமாலை. வியாழக்கிழமை எல்லே, சந்தோஷ தேவ இரகசியம். இப்பதான் அஞ்சில ரெண்டாவது.”

செபத்தை நிறுத்து என்று அவர் எப்படிச் சொல்வார்? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இத்தனை பேருடைய முகத்திலும் முழிக்கவேண்டுமே. கை கழுவாதே என்றும் சொல்லமுடியாது. பத்துப் பன்னிரண்டு வருடம் பாடுபட்டு அவரே கட்டிய சுவர் அது, அதற்குள் அவரே அகப்பட்டுக்கொண்டார். நான் இதை மிகுந்த சந்தோஷத்தோடு பார்த்துக்கொண்டு நின்றேன். பாவம் என்று தோன்றவே இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சாரதி மூன்றாவது தடவை வந்தார். தொலைக்காட்சி நிலையமும் விழுந்துவிட்டதாம். பொலிஸ்காரர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சனத்தோடு நிற்கிறார்களாம். பாராளுமன்றத்திலிருந்து ஒருவன் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போகிறானாம். பிறகு எங்கள் வரிசையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தன் தொப்பியைத் தொட்டுவிட்டுக் கடைசியில் போய் நின்றார். வெளியே ட்றக் சும்மா உறுமிக்கொண்டு நின்றது.

“ஆர் இதுக்குத் தலைவர்?” என்றார் அண்ணை.

தண்ணீர் மட்டும் ஓடியது. உண்மையில் தலைவர் என்று யாரும் இருக்கவில்லை, தலை கடித்ததுதான் காரணம். ஆனால் யாராவது பதில் சொல்லவேண்டும். நான் கையை உதறிக்கொண்டு திரும்பினேன். அண்ணை என்று தொடங்கினால் பாதியில் நின்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எல்லோர் முன்னாலும், பிரெஞ்சில், ‘தயவுசெய்து’ எல்லாம் போட்டு, நல்ல மரியாதையோடு சொன்னேன்.

“மிஸ்யூ, டெலிபோன், சில் வு ப்ளே.”

அடித்திருந்தால் கூட அவருக்கு அப்படி நொந்திருக்காது. மிஸ்யூ என்றால் பிரெஞ்சில் யாரோ ஒரு ஐயா: பஸ் ஓட்டுகிறவன், கடைக்காரன், வரிக் கந்தோரில் இருக்கிறவன். மிஸ்யூ யாரையும் வேலையில் சேர்த்துவிட்டவன் இல்லை, எவருடைய கல்யாண வீட்டிலும் முன்னுக்கு நின்றவன் இல்லை. மன்னார்க்காரியும் திரும்பாமலே “சில் வு ப்ளே, மிஸ்யூ” என்றாள். சைவக்காரப் பெடியன் தேவாரத்தை இடையில் நிறுத்தி அதையே சொன்னான். அண்ணை எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு சட்டைப்பைக்குள் கையை விட்டு டெலிபோன் பூட்டின் திறப்பை எடுத்தார்.

கண்ணாடி அறைக்குள் அண்ணையும் சேர்பியாக்காரியும் நானும் போனோம். கார்ட் இலக்கத்தை நான் அடித்தேன், வீட்டு இலக்கத்தை அவள் அடித்தாள். தொடர்பு கிடைத்தது. மணி அடித்தது. அவள் றிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

என் அம்மா அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தா. அங்கே டெலிபோன் அடித்து யாரும் எடுக்காவிட்டால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். பொலிஸ் வந்து வீட்டில் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. பிறகு எந்தப் பொலிஸ் நிலையம் என்று தேடவேண்டும். நான் அண்ணையைப் பார்த்தேன். அவரும் அதையேதான் நினைக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. தன் கதிரையை இழுத்து அவளுக்குப் பின்னால் வைத்தார், விழுந்தால் பிடிக்க ஆயத்தமாக நின்றார்.

“எடுக்கேல்லையோ?” என்று என்னிடம் தமிழில் மெல்லக் கேட்டார்.

“இல்லை.”

அப்போது சேர்பியாக்காரி சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓட ஓட, தோள் குலுங்கச் சிரித்தாள்.

“ஒருவரும் வீட்டில் இல்லை!” என்றாள். “என் தங்கச்சியும் இல்லை. முழங்கால் வருத்தக்காரி, மாடிப்படி இறங்கமாட்டாள். அவளும் போய்விட்டாள்!”

கதிரையில் இருக்கவில்லை. றிசீவரை என் காதில் வைத்தாள், நானும் கேட்கட்டும் என்று. எங்கோ ஒரு வெறும் வீட்டில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அது பாட்டுக் கேட்பது போலிருந்தது. எனக்குக் கேட்கவே முடியவில்லை. மகளுக்கு என்ன ஆயிற்றோ என்று இன்னும் தெரியாதே, எப்படி உன்னால் சிரிக்கமுடிகிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எல்லோருமே போயிருந்தால் பயம் குறைந்துவிடும் போலிருக்கிறது. எனக்கு அது தெரியாது. இரவு அவள் திரும்ப எடுத்தபோது மகளே எடுத்தாளாம், தொண்டை அடைத்துக் குரலே வரவில்லையாம், கத்திக் கத்தி.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கையில் அண்ணை என்னைப் பார்த்தார்.

“கார்ட்டில மிச்சம் கிடக்கோ?”

“கிடக்கு.”

“அம்மாக்கு எடு பிள்ளை.”

பாரிஸ் விமானம், ஒலிவ், வெளியே உறுமும் ட்றக், எல்லாவற்றையும் மறந்துவிட்டுத்தான் சொன்னார். நான் எடுத்தேன். முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிட்டா. அங்கே இருட்டி, இராச்சாப்பாட்டு நேரம்.

“என்ன பிள்ளை, வேலை நேரத்தில? ஆருக்கும் ஏதும் நடந்து போச்சுதோ?”

“ஒண்டும் இல்லையம்மா. சேர்பியா எண்டு ஒரு நாட்டில சனம் எல்லாம் றோட்டுக்கு இறங்கி ஜனாதிபதியைக் கலைக்குதாம். ஒரு வீட்டிலயும் ஆளில்லையாம்.”

அம்மா ஒன்றைத்தான் கேட்டா.

“பொலிஸ்?”

“தொப்பியைக் கழட்டிப்போட்டு அவையளோட நிக்குதாம்.”

அம்மா அதை நம்பவில்லை என்று நினைக்கிறேன். அல்லது நான் ஏதோ பயந்துபோய் அலட்டுகிறேன், ஆறுதல் சொல்லவேண்டும் என்று நினைத்திருப்பா. குரலை நன்றாக இறக்கிக்கொண்டு சொன்னா.

“நான் எங்கயும் போகேல்லை மோனை. கதவைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கதான் இருக்கிறன். நீ ஒண்டுக்கும் யோசியாத.”

சரியம்மா என்று சொல்லிவிட்டு வைத்தேன். சேர்பியாக்காரி என்னைக் கட்டிப்பிடித்து, அம்மா வீட்டில் இருக்கிறாவா என்று கேட்டாள். இருக்கிறா என்றேன். நல்லது, நல்லது என்றாள். அவளுக்காக நான் சந்தோஷப்பட்டேன், பொய் இல்லை. அதைவிடக் கூடுதலாகப் பொறாமைப்பட்டேன்.