பல்வலி லீவும் ஊட்டி ராட்டினமும்

போன வருடம் மகள் என்னை இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊருக்கு அழைத்துப் போனாள். கடலுக்குள் நீளும் மரப்பாலம், அதன்மேல் ராட்டினம், முட்டிக்கொள்ளும் கார்கள், பஞ்சு மிட்டாய். ஆளைக் கோணலாகக் காட்டும் கண்ணாடிகளும் இருந்தன. அதில் ஒன்று என்னை ஒல்லியாகக் காட்டியது. கடல் பார்க்க வந்தவள் கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நின்றுவிட்டேன். "வாங்கம்மா, அது பொய் சொல்லுது" என்று மகள் இழுத்தாள். எனக்கு மட்டும் தெரியாதா? சொல்லட்டுமே என்றுதான் நின்றேன்.

அப்படி ஒரு கண்ணாடி முன்னால் நான் முதன்முதலில் நின்றது எட்டு வயதில், ஊட்டியில். அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டுப் போனது நாங்கள்.

கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். மே மாதம் ஊட்டிக்கு சீசன். ஊரெல்லாம் மலையேறி வரும். மைதானத்தில் ராட்டினம் சுற்றும். எங்களுக்கும் அதே மாதம்தான் சீசன், அது கொழுந்து சீசன். செடிகள் போட்டி போட்டுக்கொண்டு துளிர்க்கும்; யாருக்கும் லீவு கிடையாது. சாவு, பிரசவம், ஆஸ்பத்திரி மூன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. அதனால் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்தில் மே மாதத்தில் மாமியார்கள் நிறையப் பேர் செத்தார்கள். சிலர் இரண்டு முறை.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு சூப்பர்வைசருக்குக் காது மரத்துப் போயிருந்தது. முழங்கால் வரை காலுறை, கழுத்தில் விசில், கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நிற்பு. கூடையில் ஒரு முத்தல் இலை தெரிந்தால் போதும், மொத்தக் கொழுந்தையும் தரையில் கொட்டிப் பொறுக்கச் சொல்வார். அவர் விசில் சத்தத்துக்கு நாய்கூட எழுந்து நிற்கும்.

அம்மா அப்போது டெம்பரரி. அந்த மாதம்தான் யார் யாரைப் பர்மனென்ட் ஆக்குவது என்று பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. பட்டியலில் பெயர் வந்தால் வருடம் முழுக்க வேலை உண்டு. வராவிட்டால் மழைக்காலத்தில் வேலை நின்றுவிடும். எஸ்டேட் மேனேஜரான துரையிடம் பெயரைச் சொல்ல வேண்டியவர் சூப்பர்வைசர்.

இந்த லட்சணத்தில்தான் நான் ராட்டினத்துக்கு அழுதேன். இரண்டு சீசனாக அழுதேன். அப்பாவுக்கு ஃபேக்டரியில் இரவும் பகலும் வேலை. அவர் காதில் விழவில்லை. அம்மாவின் மனதில் என்ன ஓடியதோ, ஒரு நாள் காலையில் என் இடது கன்னத்துக்குள் ஒரு கொட்டைப்பாக்கை அடக்கி, தாடையோடு சேர்த்துத் துணியால் கட்டி, பெரட்டுக்களத்துக்கு இழுத்துப் போனாள். ஆட்கள் எல்லோரும் காலையில் வரிசையாக நின்று வேலை வாங்கிக்கொள்கிற இடம் அது.

சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். "என்னாச்சு கண்ணு?"

வாயைத் திறந்தால் பாக்கு விழும். "ம்ம்ம்" என்றேன். பாக்கின் துவர்ப்பில் கண்ணில் தண்ணீரும் வந்தது. அன்றைக்கு நல்ல நடிகை ஒருத்தி வீணாய்ப் போனாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ராத்திரி பூரா ஒறங்கலைங்கய்யா" என்றாள் அம்மா. "ஊட்டி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்."

"இத்தாச்சோட்டுப் பெரிய புள்ளைய எதுக்குத் தூக்கறே? வலி பல்லுலதான, கால்லயா? நடக்க வெய்யி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குக் காத்தால பெரட்டுல நிக்கோணும். லிஸ்ட்டு போகுது, ஞாபகம் இருக்கட்டும்."

பஸ் கட்டபெட்டைத் தாண்டியதும் பாக்கைத் துப்பினேன். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி இருக்கும் திசையைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

கண்ணாடிக் கூடாரத்தில் அம்மா குட்டையாகவும் குண்டாகவும் தெரிந்தாள். அந்தக் குண்டு அம்மாவைப் பார்த்து இந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராட்டினத்தில் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். இரண்டு வருடம் அழுது வாங்கிய ராட்டினம். அதில் நான் பார்த்தது இருட்டு மட்டும். அம்மாதான் கண்ணைத் திறந்தபடி ஊட்டி முழுவதையும் பார்த்தாள். இறங்கியதும், "புள்ள சரியாப் பாக்கலைங்க" என்று ராட்டினக்காரரிடம் சொல்லி இன்னொரு தடவை ஏறினாள். எனக்காகத்தான் ஏறுகிறாள் என்று நம்பி, நான் பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே போனேன்.

கீழே வந்து பஞ்சு மிட்டாய் வாங்கினோம். ஒரு வாய் வைத்திருப்பேன். ராட்டினத்தின் வேலியோரம், கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, அதே நிற்பு.

ஓட முடியாது. அவர் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, ஆஸ்பத்திரிய இங்க மாத்திட்டாங்களா?"

என் தோளைப் பிடித்திருந்த அம்மாவின் கை இறுகியது. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. கையிலிருந்த பஞ்சு மிட்டாய் மொத்தத்தையும் கன்னத்துக்குள் திணித்து, முகத்தைக் கோணிக்கொண்டு "ம்ம்ம்" என்றேன்.

அவர் நிதானமாகப் பார்த்தார். "காத்தால எடது கன்னமல்ல வீங்கியிருந்துச்சு?"

நாக்கால் தள்ளி இடது பக்கம் கொண்டுபோனேன். ஆனால் பஞ்சு மிட்டாய்க்கு விசுவாசம் கிடையாது. அவர் கண் முன்னாலேயே என் வீக்கம் வடிந்தது.

"பாத்துட்டு இருக்கறப்பவே கொறைஞ்சு போச்சே. நல்ல டாக்டருதான்." அவர் சிரிக்கவில்லை. "லிஸ்ட்டு போற மாசத்துல இப்புடிப் பண்ணலாமாம்மா? நான் தொரைகிட்ட என்னன்னு சொல்லட்டும்?"

அம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

அப்போது மேலேயிருந்து ஒரு பையனின் குரல். மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த ராட்டினத்தில் துரையின் மச்சினர் குடும்பம், கோயமுத்தூரிலிருந்து விருந்துக்கு வந்தவர்கள். பையனுக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம்.

"யோவ், செருப்பக் கீழ வெச்சிட்டயா? அம்மா திட்டுவாங்க."

சூப்பர்வைசர் கைகளை முன்னால் கொண்டுவந்தார். ஒரு கையில், மேலேயிருந்து விழுந்துவிடும் என்று கழற்றிக் கொடுத்த குதிகால் உயர்ந்த பெண்கள் செருப்பு ஒரு ஜோடி. மற்றொன்றில் சின்ன ஷூக்கள், உள்ளே சுருட்டி வைத்த காலுறையோடு. இரண்டையும் மேலே தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினார்.

"இல்லீங்க தம்பி. கையிலதான் வெச்சிருக்கறேன்."

கைகளை மறுபடி பின்னால் கட்டிக்கொள்ள அவர் மறந்துவிட்டார். அப்படியே நின்றார்.

அம்மாதான் பேசினாள். குரல் திடீரென்று சரியாகியிருந்தது. "நாங்க ஆஸ்பத்திரியிலேருந்து நேரா பஸ்ஸுக்குப் போறோமுங்கய்யா. இந்தப் பக்கமே வரலைங்க. வழியில யாரையும் பாக்கலைங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேருக்கு நேர் நிற்கிறவரிடமே இப்படியா? இதற்கு என் பஞ்சு மிட்டாய் எவ்வளவோ மேல்.

அவர் கையிலிருந்த ஷூக்களைப் பார்த்தார். "செரிம்மா" என்றார். "நானும் மார்க்கெட்டுக்குத்தான் வந்தேன், தொரை ஊட்டுக்குக் காய் வாங்க. நானும் ஆரையும் பாக்கலை." பிறகு என்னிடம், "கண்ணு, மிட்டாயி தின்னா நெசமாவே பல்லு போயிரும்" என்றார். அது பலித்துவிட்டது. இன்றைக்கு என் வாயில் இருப்பதில் பாதி டாக்டர் கட்டிக் கொடுத்தது.

நாங்கள் நடந்தோம். ராட்டினம் நின்றது. நான் திரும்பிப் பார்த்தபோது, அவர் குத்துக்காலிட்டு அந்தப் பையனின் காலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் பார்ப்பதற்குள் அம்மா என் தலையைப் பிடித்து முன்பக்கம் திருப்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்துப் பெரட்டில் பட்டியல் வாசித்தார்கள். வாசித்தது அவர்தான். அம்மாவின் பெயர் ஆறாவதாக வந்தது. மற்றப் பெயர்களை வாசித்த அதே கரகரப்புக் குரல், அதே வேகம். எங்கள் கூரை, என் பள்ளிக்கூடம், பிறகு என் மகள் விமானம் ஏறியது எல்லாம் அந்த ஆறாவது பெயரில்தான் தொடங்கின. அவருக்கு நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. அன்றைக்கு என் நடிப்பு ஜெயித்துவிட்டது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் குழாயடியில் பெண்கள் கூடி நின்றார்கள். பர்மனென்ட் ஆன தைரியத்தில் ஒருத்தி சூப்பர்வைசர் மாதிரியே கையைப் பின்னால் கட்டி நடந்து காட்டினாள். இன்னொருத்தி, "தொரை ஊட்டு விருந்தாளிங்களோட ஊட்டி ராட்டினத்துல நின்னாராம்ல, செருப்புத் தூக்கிக்கிட்டு? நீ அன்னிக்கு ஊட்டிக்குத்தான போன, பாக்கலையா?" என்று அம்மாவைக் கேட்டாள்.

ஷூ மாட்டிவிட்டது வரைக்கும் நேரில் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். வாயைத் திறந்தேன். அம்மா குடத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "நாங்க ஆஸ்பத்திரிக்கில்ல போனோம். பாக்கலையே" என்றாள்.

பட்டியல் வந்தாகிவிட்டது, இனி வேலையிலிருந்து யாரும் நிறுத்த முடியாது, அவரும் பக்கத்தில் இல்லை. இன்னும் அவருக்கு இப்படிப் பயப்படுகிறாளே என்று, குடத்தைச் சுமந்துகொண்டு நடந்த வழியெல்லாம் அம்மாவுக்காகப் பரிதாபப்பட்டேன்.