மிச்சம் ஓர் ஆள்

அந்த பஸ்ஸின் டேப்ரெக்கார்டருக்கு மூடி கிடையாது. கேசட்டைப் பெருவிரலால் அழுத்தித் தள்ளினால் 'கடக்' என்று ஒரு சத்தம், பிறகுதான் பாட்டு. தொண்ணூறுகளின் நடுவில், வளைகுடாவில், அல் கூஸ் தொழிலாளர் கேம்புக்கும் கட்டிட சைட்டுக்கும் இடையே, என் காலையும் மாலையும் அந்தச் சத்தத்தில்தான் திறந்து மூடின.

யார் கேசட் ஓடுவது என்று கைதூக்கித் தீர்மானிப்போம். முப்பது பேரில் மலையாளிகள் பதின்மூன்று, தமிழ்நாட்டுக்காரர்கள் நாங்கள் பதினொன்று, பட்டாணியர் ஐந்து. ஆகவே தினமும் மலையாளம். பதினேழு பேர் கேட்காத பாட்டு, ஜெயித்த பாட்டு. முப்பதாவது ஆள் மட்டக்களப்பு அண்ணன், எலெக்ட்ரீஷியன். தமிழர்தான், ஆனாலும் எங்கள் பக்கம் சேரமாட்டார். "உங்கட சினிமாப் பாட்டுக்குக் கை தூக்க என்னால ஏலாது தம்பி." ஊர்க் கோயிலில் ஆடிய கூத்தை அவர் மனைவி பதிந்து அனுப்பிய கேசட் சட்டைப் பையிலேயே கிடந்தது. ரூமில் ரெக்கார்டர் இல்லை. இந்த பஸ்ஸை விட்டால் அதைக் கேட்க அவருக்கு வழியே இல்லை.

அவர் நாட்டில் தேர்தல் நடந்த வருடம் அது. ஒரு நாள் காலையில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். "எங்கட பாராளுமன்றத்துக்கு விகிதாசாரத்திலதான் ஆள் எடுக்கிறது. கூடின ஆக்களுக்கே எல்லாம் எண்டு இல்லை. வாக்குக்கு ஏத்த பங்கு." வாரத்தில் பன்னிரண்டு பயணம், இரண்டரை ஆளுக்கு ஒன்று. மலையாளிகளுக்கு ஐந்து, மிச்சம் அரை ஆள். எங்களுக்கு நான்கு, மிச்சம் ஓர் ஆள். பட்டாணியருக்கு இரண்டு, மிச்சமில்லை. எஞ்சிய வியாழன் மாலைப் பயணம், பெரிய மிச்சம் வைத்திருப்பவருக்கு. எங்களில் ஓர் ஆள் மிச்சம். அண்ணனும் ஓர் ஆள். சமம்.

"சீட்டுக் குலுக்கிப் பாப்பமாண்ணே?" என்றார் ராமநாதபுரத்துக் கொத்தனார்.

"இல்லை. எங்கட சட்டத்தில இருபதில ஒரு பங்கு வாக்கு எடுக்காட்டி கணக்கிலயே இல்லை. முப்பதில நான் ஒருத்தன். நான் வெளியில." அண்ணனின் கை சட்டைப் பையைத் தொட்டுவிட்டு இறங்கியது.

"சட்டத்தக் கொண்டாந்தவுகளே வெளியவா!" பஸ் சிரித்தது. சிரித்து முடித்த கொத்தனார் எழுந்துபோய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்கள்ல மிச்சமான அந்த ஆளு நான்தேன். இன்னைக்கிருந்து உங்க கட்சி."

"அடேய், கட்சி தாவி!" என்று கத்தினோம். ஆனால் கணக்கு சரியாக விழுந்தது. நாங்கள் பத்து, நான்கு பயணம், மிச்சமில்லை. அவர்கள் இருவர், அதுதான் பெரிய மிச்சம்; சட்டத்தின் வாசலையும் தாண்டிவிட்டார்கள். கொத்தனார் அரைகுறை ஹிந்தியில் விளக்க, டிரைவர் பாய் "அச்சா, கலாஸ்!" என்று முடித்துவைத்தார்.

வியாழன் மாலை. கடக். மத்தளம், சலங்கை, நடுவில் நீளமாய் ஓர் இருமல்.

"பாடுறவருக்குச் சளியாண்ணே?"

"பாடுறவர் இல்லை. முன்னால இருந்து பாக்கிற எங்கட அப்பா."

சில வாரங்களில், கேசட்டில் அந்த இருமல் நெருங்கும்போதே கடைசி வரிசைப் பட்டாணியர் முந்திக்கொண்டு இரும ஆரம்பித்தார்கள். அண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

இன்று ஆபீஸ் வேனில் ஆளுக்கொரு காதொலிப்பான். ஒவ்வொருவருக்கும் முழுப் பெரும்பான்மை. பக்கத்து ஆளின் அப்பா இருமுவது யாருக்கும் கேட்பதில்லை. மணல் நிறத்தில் வெயில் சாயும் சில மாலைகளில் மட்டும், என் பெருவிரல் தானாக முன் சீட்டின் முதுகை அழுத்துகிறது. சத்தம் வருவதில்லை.