முந்திரிப் பருப்பு வழக்கு

சிதம்பரத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த என் தாய்மாமா, முதுநகரில் எங்கள் வீட்டில் தங்கி ரயிலில் போய்வந்துகொண்டிருந்தார். படித்தார் என்பது ஒரு மரியாதைக்குத்தான். பாஸான பேப்பர்களைவிட அரியர்களே அதிகம். கற்ற சட்டத்தையெல்லாம் எங்கள் வீட்டிலேயே செலவழித்தார். அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தால் ஆக்கிரமிப்பு என்பார். அம்மா திட்டினால் இடைக்காலத் தடை கேட்பார். அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. இன்னும் ஒரு புகார் வந்தால் மச்சானை ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

அந்த மார்கழியில்தான் முந்திரிப் பருப்பு காணாமல் போனது. அண்ணாகிராமத்திலிருந்து அப்பாவின் அக்கா பொங்கலுக்கென்று கொடுத்தனுப்பிய பருப்பு. அலமாரியின் மேல்தட்டிலிருந்த டப்பாவை அப்பா திறந்தபோது பாதிதான் இருந்தது. ஊறுகாய்க்காக நான் எப்போதோ இழுத்துப் போட்ட ஸ்டூல் அலமாரிக்குக் கீழேயே கிடந்தது. ஸ்டூல் தேவைப்படும் உயரத்தில் வீட்டில் நான் ஒருத்திதான்.

"உண்மைய சொல்லிடு. இல்லன்னா நாளைக்குத் தேருக்குப் போறது கெடையாது" என்றார் அப்பா.

சிதம்பரத்தில் தேர், மாமா கூட்டிப்போவதாக ஏற்பாடு. உண்மையும் எனக்குத் தெரியும். முந்தின நாள் மதியம் மாமா பருப்பை அள்ளிச் சட்டைப் பையில் போட்டதைச் சமையலறை வாசலில் நின்று பார்த்திருந்தேன். சொல்ல வாயெடுத்தேன்.

மாமா பாய்ந்து வந்து எனக்கு வக்கீலானார்.

"பாப்பா, வாயே தொறக்காத. குத்தம் சாட்டப்பட்டவங்க பேசாம இருக்கலாம். அது உன் உரிமை. அரசியல் சட்டத்துலயே இருக்கு."

"ஏன்டா, அவ சொல்லட்டுமே" என்றாள் அம்மா.

"அதெப்பிடிக்கா? நிரூபிக்க வேண்டியது குத்தம் சாட்டுறவரோட பொறுப்பு. ஸ்டூல் வந்து சாட்சி சொல்லுமா? சந்தேகத்தோட பலன் பாப்பாவுக்குத்தான்."

எனக்குப் புல்லரித்தது. ஐந்தாம் வகுப்பில் வாயாடி என்று பெயரெடுத்த எனக்காக ஒரு தேசமே சட்டம் எழுதி வைத்திருக்கிறது! உதட்டை இறுக்க மூடிக்கொண்டேன். அப்பா மிரட்டினார், கெஞ்சிக்கூடப் பார்த்தார். நான் அசையவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு உள்ள அந்த உரிமை, கண்ணால் பார்த்த சாட்சிக்குக் கிடையாது என்பதை மட்டும் மாமா சொல்லவில்லை. அந்த ஒரு பேப்பரை அவர் பாஸ் செய்திருக்க வேண்டும்.

அம்மா துணி துவைக்கப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். மாமாவின் சட்டைப் பையை வெளியே இழுத்தாள். பருப்புத் துணுக்குகள் உதிர்ந்தன. அப்பா வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றி அவற்றைச் சாக்கடையில் தள்ளினாள். பிறகு ஈரக் கையோடு உள்ளே போனாள்.

"பூச்சி வந்துச்சுன்னு நான்தாங்க பாதியக் கொட்டினேன். மறந்தே போச்சு."

"எங்கக்கா ஆசையா குடுத்தனுப்பினதக் கொட்டிட்டியா?" என்று கத்தினார் அப்பா. அதோடு அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் மாமாவோடு தேர் பார்க்கப் போனேன். அம்மா வரவில்லை. நான் வாய் திறக்காததால்தான் கேஸில் ஜெயித்தோம் என்று வழியெல்லாம் பெருமையடித்தேன். மாமா என் கையைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். இவ்வளவு பெரிய கேஸில் ஜெயித்தவர் ஏன் அப்படி நடக்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை.